பதினொரு வியாதிகளைக் குணப்படுத்திய ஸ்டிக்கர்

நான் பதினொரு வியாதிகளைக் குணப்படுத்தியிருக்கிறேன். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது. எல்லாம் ஒரு கையகல ஸ்டிக்கரில் நடந்தது. பன்னிரண்டாவதாக ஆஸ்துமாவையும் குணப்படுத்தியிருப்பேன். ஸ்டிக்கரில் இடம் இல்லாமல் போனதால் அது பிழைத்துக்கொண்டது.

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கண் காது மூக்கு வைத்து. அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருச்சியில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றி நாங்கள். எங்கள் தெருவில் முதல் எம்.எஸ்ஸி. நான்தான். இதை யாராவது மறந்துவிடப் போகிறார்களே என்கிற கவலை எனக்கு எப்போதும் உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் "சோடியம் குளோரைடு பத்தலம்மா" என்பேன். ("எந்திரிச்சு நீயே போட்டுக்க, அது பேரு உப்பு" என்று அம்மா ஒருநாள் கரண்டியோடு வந்து சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டேன்.)

என் அம்மாவின் தங்கை மதலைமேரி சின்னம்மா அதே தெருவில் முருங்கைக்கீரைப் பொடி தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொடி. கீரையை ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பச்சை மாறாமல் அரைப்பார். சீரகம் கொஞ்சம், மிளகு கொஞ்சம், உப்பு கொஞ்சம். கீரனூர்ச் சந்தையில் காலையில் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் பை காலியாகிவிடும். ஒரே குறை, பாக்கெட்டில் எதுவும் எழுதியிருக்காது. சின்னம்மாவின் முகம்தான் லேபிள்.

உணவுப் பொருள் விற்பதற்கான பதிவு எண்ணை நான்தான் கம்ப்யூட்டரில் விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தேன். பதினான்கு இலக்கம். அந்த எண் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கமே நம் பொடியை ஒத்துக்கொண்டுவிட்டது, இனி எதை எழுதினாலும் அது அரசாங்கம் ஒத்துக்கொண்ட எழுத்து என்று எடுத்துக்கொண்டேன். இப்படித்தான் அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள் போய்க் கேட்பாளா?

மூன்று நாள் உட்கார்ந்து போனில் தேடினேன். முருங்கை இலைக்குள் என்னென்னவோ இருந்தது. குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம், பாலிஃபீனால்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொட்டிக்கிடந்தன. தலைப்பையும் மேலே உள்ள நாலு வரிச் சுருக்கத்தையும் படித்தேன். உள்ளே போகவில்லை. போனில் எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தது. (இதுதான் காரணம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.)

எழுதி முடித்துச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குவெர்செட்டின் நிறைந்தது" என்ற இடத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"ஏண்டி, நான் எலையும் சீரகமும் மொளகும் உப்புந்தான் போடுறேன். இது என்னா புதுசா? நான் போடவே இல்லையே!"

"அது எலைக்குள்ளயே இருக்கு சின்னம்மா."

"எலைக்குள்ளயா? இத்தன வருசமா ஆய்றேன், என் கண்ணுல படலையே."

"கண்ணுக்குத் தெரியாது. படிச்சவங்களுக்குத்தான் தெரியும்."

இந்தக் கடைசி வரியை நான் சொன்னதாகச் சின்னம்மா இன்றும் சாதிக்கிறார். சொல்லியிருப்பேன். அப்போதைய என்னை எனக்குத் தெரியும்.

கீரனூரில் ஒரு டி.டி.பி. கடையில் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தேன். நான் எழுதிப்போனது ஆறு வியாதிகள்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால், ரத்தசோகை, மலச்சிக்கல், புற்றுநோய். கடைக்காரர் தட்டச்சு செய்துகொண்டே, "மூட்டுவலி போடலீங்களா? எல்லாரும் போடுவாங்களே" என்றார். அவர் சொன்ன விதம், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. போடுங்கள் என்றேன். முடி உதிர்தல், தைராய்டு, கண்பார்வை, மாதவிடாய்க் கோளாறு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன. எல்லாவற்றுக்கும் தலையில், சிவப்பில், "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது". அதற்குக் கீழே பதினான்கு இலக்கப் பதிவு எண், நான் சொல்லித் தடித்த எழுத்தில். ஓரத்தில் "தயாரிப்பு ஆலோசகர்: செ. ஜெசிந்தா, எம்.எஸ்ஸி." ஆஸ்துமாவுக்கு இடம் போனது இந்த வரியால்தான்.

முதல் பாக்கெட்டைச் சவரிமுத்து பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் கோயிலின் உபதேசியார் அவர்தான். செபம் சொல்லித்தருவது, மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் மைக்கில் அறிவிப்பு வாசிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கனத்த குரல். அவர் வாசித்தால் தண்ணீர் டேங்க் கழுவும் அறிவிப்பும் வேத வசனம் போல இருக்கும். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கடைசியில் என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி அதை மட்டும் வாசித்தார்.

"நம்ம வீட்டுப் பேரு அச்சுல வந்திருக்கு, ஏத்தா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு மெதுவாக, "அப்ப அந்த மாத்திரை?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "டாக்டரைக் கேளுங்க பெரியப்பா" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னதும் மூன்று வார்த்தைதான்.

"அதெல்லாம் கெமிக்கல் பெரியப்பா."

வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் சொன்ன வாக்கியம் இது. உப்பைக்கூடச் சோடியம் குளோரைடு என்று கூப்பிட்டவள் சொன்னது. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

அடுத்த இரண்டு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கீரனூரில் நான்கு கடை, குளத்தூரில் இரண்டு கடை, எல்லாவற்றிலும் பாக்கெட் தொங்கியது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேவையே இல்லாமல் கடைக்குள் நுழைந்து என் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் கோயில் வழக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மக்கள் முன்னால் அறிவிப்பது. நான் பிறந்ததிலிருந்து யாரும் எழுந்து தடை சொல்லிப் பார்த்ததில்லை. அந்த வரி வரும்போது ஜனங்கள் பாதிப்பேர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் தெரு ரோஸ்லினுக்கு ஓலை. மாப்பிள்ளை அறந்தாங்கிப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் பெரியப்பா மைக்குக்கு வந்தார். கொஞ்சம் தடுமாறித்தான் நடந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் நோட்டில் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை மட்டும் கவனித்தேன்.

ரோஸ்லினின் ஓலையை வாசித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, அதே குரலில், அதே ராகத்தில், எங்கள் பாக்கெட்டை வாசிக்கத் தொடங்கினார். பதினொரு வியாதிகளும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டன. புற்றுநோய் என்றபோது நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தயாரிப்பு ஆலோசகர் செ. ஜெசிந்தா, எம்.எஸ்ஸி." என்றபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட உயரமான ஒரு நிமிடம் அதுவரைக்கும் கிடையாது.

"நானே மாத்திரையெல்லாம் நிறுத்திப்புட்டு இதைத்தான் சாப்புடுறேன்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார் பெரியப்பா. அதோடு முடித்திருக்கலாம். நாற்பது வருடப் பழக்கம் விடுமா? நாக்கு தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. "இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

"தடை இருக்குங்க."

முன்வரிசையில் நீலப் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சொந்த அக்கா!

கோயிலில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ரோஸ்லினின் அம்மா "மாதாவே!" என்று அலறி அப்படியே பக்கத்தில் இருந்தவர் மடியில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளை "அக்கா, நீயே இப்புடிப் பண்ணலாமா?" என்றார். ஃபாதர் பீடத்திலிருந்து இரண்டு படி இறங்கிவிட்டார்.

"ஐயோ, கல்யாணத்துக்கு இல்லைங்க" என்றார் அந்த அக்கா. "பாக்கெட்டுக்கு."

அவர் பெயர் ஸ்டெல்லா. வேறொரு மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர். கடைகளுக்குப் போய் உணவுப் பொருளையும் அதன் லேபிளையும் சோதிப்பதுதான் அவர் வேலை. லீவு நாளில் தம்பி ஓலைக்கு வந்த இடத்தில் ஒரு லேபிள் அவரைத் தேடி வந்து மைக்கில் வாசித்துக்காட்டியிருக்கிறது. பாவம், அவர்தான் என்ன செய்வார்?

நான் அடுத்து நடக்கப்போவது சண்டை என்று நினைத்துச் சேலையை இழுத்துச் செருகினேன். ஆனால் அவர் என்னைத் தேடவே இல்லை. நேராகப் பெரியப்பாவிடம் போனார்.

"மாத்திரை நிறுத்தி எத்தன நாளாச்சுங்க ஐயா?"

"பதினேழு நாளாச்சும்மா."

"தாகமா இருக்குங்களா? கால்ல புண்ணு ஏதும்?"

பெரியப்பா வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வலது கால் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. வயலில் கல் குத்தியதாம். ஆறாமல் கிடந்திருக்கிறது. துணியைப் பிரித்ததும் நான் பார்த்தேன். ரோஸ்லின் அப்பா வீட்டிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். அது எண்ணே காட்டவில்லை. அளக்கமுடியாத அளவுக்கு ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம் என்றார் ஸ்டெல்லா அக்கா. அடுத்த ஐந்தாவது நிமிடம் மாப்பிள்ளை வீட்டு வேனில் பெரியப்பாவை ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். வேனில் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு சீட்டில், அவர்களுக்கு எதிரே ஸ்டெல்லா அக்கா, அவர் பக்கத்தில் நான்.

"எழுதுனது நீங்களா?"

"ஆமா மேடம்."

"நிரூபிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாரு மேல சோதனை பண்ணதுன்னு படிச்சீங்களா?"

நான் போனை எடுத்து முதல் தடவையாக நாலு வரிக்குக் கீழே போனேன். எழுத்து அப்படி ஒன்றும் சின்னதாக இல்லை.

"எலி, மேடம்."

"இன்னொன்னு?"

"அதுவும் எலிதான். அடுத்தது... கண்ணாடிக் குடுவையில, செல்லு மேல."

"இலையையா ஊத்துனாங்க?"

"இல்ல மேடம். அந்தப் பொருளை மட்டும் சாறா பிரிச்சு எடுத்து."

"அதைப் பிரிச்சு எடுத்து எலிக்குக் குடுக்கறதும், உங்க பெரியப்பா ஒரு ஸ்பூன் பொடியச் சோத்துல போட்டுத் திங்கறதும் ஒன்னாங்க?"

சீட்டில் சாய்ந்திருந்த பெரியப்பா கண்ணைத் திறக்காமலே, "என்னைய எலிக் கணக்குல சேத்துப்புட்டியே ஆத்தா" என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே எரிந்துவிடுவேன் போல இருந்தது.

ஸ்டெல்லா அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வழி நெடுக நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். உணவுப் பொருள் எந்த நோயையும் தடுக்கும், தீர்க்கும், குணப்படுத்தும் என்று லேபிளில் போடச் சட்டம் இடம் தராது. 'நிறைந்தது' என்று ஒரு வார்த்தை எழுதவும் அளந்து பார்த்த சான்று கையில் இருக்கவேண்டும். கடைசியாக நான் பதிவு எண்ணைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அரசாங்கம் நம்பர் குடுத்துச்சே மேடம்?"

"அந்த நம்பர் நீங்க எழுதினதெல்லாம் உண்மைன்னு சொல்றதுக்கு இல்லம்மா. தப்பு நடந்தா யார் வீட்டுக் கதவத் தட்டணும்னு தெரிஞ்சுக்கறதுக்கும் சேத்துத்தான்."

அதை நான் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டில் ஏற்றி, இன்சுலின் போட்டு, விரலைச் சுத்தம் பண்ணினார்கள். "இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தா வெரல எடுக்க வேண்டி வந்திருக்கும், அப்புறம் அது வெரலோட நின்னிருக்கும்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நான் வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். பட்டம் வாங்கிய பிறகு முதல் தடவையாக எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. அடுத்த நாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "டாக்டரு எழுதிக் குடுத்ததவிட நம்ம புள்ள எழுதுனதாச்சேன்னு நம்புனேன் ஆத்தா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சின்னம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆறு கடைக்கும் போய்ப் பாக்கெட்டுகளை எல்லாம் இறக்கினார். எங்கள் பகுதி அலுவலரிடம் நாங்களே போய் நடந்ததைச் சொன்னோம். அவர் நோட்டீஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைக் கிழிக்க உட்கார்ந்தால், அது வரவே இல்லை. மழையில் நனைந்தாலும் உரியாத ரகம் வேண்டும் என்று கடைக்காரரிடம் வற்புறுத்தி வாங்கியவள் நான்தானே! வெந்நீரில் ஊறப்போட முடியாது, உள்ளே பொடி. தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி, நாலு நாள். பதினொரு வியாதியும் போன பிறகும் "எம்.எஸ்ஸி." மட்டும் சில பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"இத உரிக்கிறதுதாண்டி கஷ்டமா இருக்கு" என்றார் சின்னம்மா. அவ்வளவுதான் அவர் கொடுத்த தண்டனை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அனுமதியோடு நானே மைக்கில் நின்று மறுப்பு வாசித்தேன். சர்க்கரை, தீராது. ரத்தக்கொதிப்பு, தீராது. மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாக. "மலச்சிக்கலுமா தீராது?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் ரொம்ப ஏமாற்றத்தோடு கேட்டது. "கீரை நல்லதுதாங்க, ஆனா பாக்கெட்டுல எழுதக்கூடாதுங்க" என்றேன். படித்த படிப்புக்கு உருப்படியாக நான் செய்த முதல் வேலை அதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

புது லேபிளை எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் பழைய கட்டுரைகளை அடிவரை படித்தேன். விதிகளைப் படித்தேன். ஸ்டெல்லா அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பி அனுப்பித் திருத்தினேன். கடைசியில் தேறியது இவ்வளவு: "முருங்கைக்கீரைப் பொடி. உள்ளே இருப்பவை: முருங்கைக்கீரை, சீரகம், மிளகு, உப்பு. சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிடலாம். இது மருந்து அல்ல." எடை, தேதி, விலாசம், எண். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். இன்றைக்குச் சின்னம்மாவின் பொடி புதுக்கோட்டைக் கடைகள் வரைக்கும் போகிறது. பக்கத்து ஊர்ப் பெண்கள் தேன், சத்துமாவு, ஊறுகாய் என்று எதற்கு லேபிள் எழுதினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் பாதியை அடித்துவிட்டுக் கொடுக்கிறேன். கர்வமாகத்தான் இருக்கிறது. இந்தக் கர்வத்துக்கு மட்டும் சான்று கையில் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஓலை வாசிக்கப் பெரியப்பா மைக்குக்கு வந்தார், பத்து விரலும் தரையில் பாவ, விறைப்பாக. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில். ரோஸ்லினுக்கு நாத்தனார் என்கிற முறையில் எங்கள் ஊருக்கே உறவாகிவிட்ட ஸ்டெல்லா அக்காவும் வந்திருந்தார். என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் வாசித்த பெரியப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதே வேத வசனக் குரலில் தொடர்ந்தார்.

"மேற்படி ஜெசிந்தா எந்த வியாதியையும் தடுக்கவோ, தீர்க்கவோ, குணப்படுத்தவோ மாட்டார் என்பதும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

மேலே வாசிக்க முடியவில்லை. கோயிலே சிரித்தது. ஃபாதர் திரும்பி நின்றுகொண்டார். ஜனங்கள் மொத்தமும் ஸ்டெல்லா அக்காவைப் பார்க்க, அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"லேபிள் சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இப்போது என் வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றால் நான் தைலத்தோடு பக்கத்தில் போவதற்குள் கையை நீட்டித் தடுத்துவிடுவார். "வேணாம் ஜெசி, ஒன்னயப் பத்தி ஓலையிலயே சொல்லித்தான் குடுத்தாங்க" என்பார். பிறகு டாக்டரிடம் கிளம்புவார். நான் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுப்பேன்.